குழி விழுந்த சோஃபாவ சரி பண்ணி, சுலபமா எந்திரிக்கிற மாதிரி ஆக்குறது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்க அம்மா சோஃபாவுல இருந்து எந்திரிக்கணும்னா ரெண்டு தடவ முன்னாடி பின்னாடி ஆடி, மூணாவது ஆட்டத்துல தான் எந்திரிப்பாங்க. ரொம்ப நாளா நான் அத முழங்கால் வலின்னே நெனச்சுட்டு இருந்தேன். ஒருநாள் அவங்க எப்பவும் உக்கார்ற அதே மூலையில நானே உக்காந்து பாத்தேன், எனக்கே கைய ஊனாம எந்திரிக்க வரல. ஆனா சாப்பாட்டு மேசை சேர்ல இருந்து அம்மா ஒரே மூச்சுல எந்திரிச்சுடுறாங்க. அப்ப பாதி பிரச்சனை கால்ல இல்ல, சோஃபாவுல இருக்குன்னு அன்னைக்கு தான் உறைச்சது. அதுக்கப்புறம் அடிப்பக்கத்த பிரிச்சு ஒவ்வொன்னா சரி பண்ணினேன். அதுல கத்துக்கிட்டத முழுசா எழுதுறேன், வீட்டுல வயசானவங்களோ முட்டி வலி உள்ளவங்களோ இருந்தா பொறுமையா படிங்க.

முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கணும். நாம எந்திரிக்கிறப்ப உடம்பு பாரம் முழுக்க இடுப்புல இருந்து முன்னாடி நகர்ந்து பாதத்துக்கு மேல வரணும், அதுக்கப்புறம் தான் கால் நம்மள மேல தள்ளும். சீட்டு குழியா இருந்தா இடுப்பு முழங்காலுக்கு கீழ போயிடும், அந்த பாரத்த முன்னாடியும் கொண்டு வரணும் கூடவே மேலயும் ஏத்தணும், அதனால தொடை தசைக்கும் முட்டிக்கும் வேலை ரெட்டிப்பா தெரியும். அதனால சோஃபா மெத்துனு இருக்கா, பாக்க அழகா இருக்காங்கறத விட, ஆள் உக்காந்த பிறகு சீட்டு எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கறது தான் விஷயம். காலியா இருக்குற சோஃபாவோட உயரத்த நம்பவே கூடாது.

அளவு எடுக்காம எதையும் பிரிக்காதீங்க

ஒரு இன்ச் டேப் எடுத்துக்கோங்க. சோஃபாவ பயன்படுத்துறவங்கள ஒரு கெட்டியான சேர்ல உக்கார வச்சு, பாதம் முழுசா தரையில படியுற மாதிரி வச்சு, முட்டிக்கு பின்னாடி மடியுற இடத்துல இருந்து தரை வரைக்கும் அளங்க. வீட்டுக்குள்ள செருப்பு போடுற பழக்கம் இருந்தா செருப்போடயே அளக்கணும். அடுத்து அவங்கள சோஃபாவுல உக்கார வச்சு, தொடைக்கு அடியில பக்கவாட்டுல ஒரு ஸ்கேல சொருகி அந்த ஸ்கேல்ல இருந்து தரை வரைக்கும் அளங்க. சீட்டோட முன் விளிம்புலயும் அளங்க, நடுவுலயும் அளங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் பெருசா இருந்தா அது தான் குழி.

எங்க வீட்டுல அம்மாவோட முட்டி மடிப்பு உயரம் 41 செ.மீ. காலி சோஃபா 43 இருந்துச்சு, பாக்க சரியா தான இருக்குன்னு தோணும், ஆனா அவங்க உக்காந்த உடனே நடுவுல 33க்கு போயிடுச்சு. 10 செ.மீ பள்ளத்துல இருந்து தினமும் இருபது தடவ ஏறிட்டு இருந்திருக்காங்க.

உக்காந்த பிறகு இருக்குற உயரம் முட்டி மடிப்ப விட 2 முதல் 5 செ.மீ வரைக்கும் கூட இருந்தா எந்திரிக்க நல்லா இருக்கும். அதுக்கு மேல ஏத்த ஆசைப்படாதீங்க, பாதம் தரையில படியாம தொங்கினா தொடைக்கு அடியில அழுத்தி கால் மரத்துப்போகும், ஆளும் முன்னாடி சறுக்குவாங்க. இடுப்பு மாற்று ஆபரேஷன் பண்ணவங்கன்னா அவங்க டாக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோ சீட் உயரம் எவ்வளவு வேணும்னு சொல்லியிருப்பாங்க, அது தான் உங்க கணக்கு, நான் சொல்றது இல்ல.

இன்னொரு அளவு யாரும் பாக்குறதில்ல, சீட்டோட ஆழம். முதுக சாஞ்சு உக்காந்தா முட்டிக்கு பின்னாடி ரெண்டு மூணு விரல் இடைவெளி இருக்கணும். அது இல்லாம சீட்டு முட்டிய முட்டுச்சுன்னா காலை உள்ள இழுக்க முடியாது, கால் உள்ள வராம யாராலயும் ஒழுங்கா எந்திரிக்க முடியாது, நீங்களே இப்ப காலை நீட்டி வச்சுக்கிட்டு எந்திரிச்சு பாருங்களேன். இதுக்கு பெரிய ரிப்பேர் எதுவும் வேண்டாம், முதுகுக்கு கெட்டியான ஒரு குஷன் போட்டாலே ஆழம் கொறஞ்சுடும்.

எங்க போயிருக்குன்னு கண்டுபிடிக்கிறது

குஷன எடுத்துடுங்க. (சில சோஃபாவுல குஷன் தச்சே இருக்கும், அப்ப அடிப்பக்கம் மட்டும் தான் வழி.) குஷன் இருந்த இடத்துல உள்ளங்கையால விளிம்புல இருந்து நடு வரைக்கும் ஒரே மாதிரி அழுத்திட்டே போங்க. எல்லா இடமும் ஒரே மாதிரி திரும்பி எழும்புனா கீழ நல்லா இருக்கு, ஃபோம் தான் செத்துப்போச்சு. ஒரு இடத்துல மட்டும் கை உள்ள போனா ஸ்பிரிங்கோ, அதுக்கு பதிலா பின்னியிருக்குற எலாஸ்டிக் பெல்ட்டோ போயிருக்கு. முன் விளிம்ப அழுத்தும்போது கிரீச்னு சத்தம் வந்து மரமே அசைஞ்சா ஃபிரேம்.

குஷன தரையில வச்சு உக்காந்தும் பாருங்க, தரை பின்னாடி இடிச்சா ஃபோம் முடிஞ்சுது. பெரும்பாலும் ரெண்டுமே போயிருக்கும், ஏன்னா கீழ தாங்கல் போனதுக்கப்புறம் ஃபோம் வளைஞ்சு வளைஞ்சே சீக்கிரம் செத்துடும். அதனால தான் நிறைய பேர் புது ஃபோம் வாங்கி போட்டுட்டு ஆறு மாசத்துல திரும்ப குழி விழுந்துடுச்சுன்னு புலம்புறாங்க. வரிசை மாறக்கூடாது: ஃபிரேம், அப்புறம் ஸ்பிரிங் இல்ல பெல்ட், அப்புறம் ஃபோம், கடைசியா சோஃபாவோட கால். கால கடைசியா வைக்க சொல்றதுக்கு காரணம் இருக்கு, மத்த எல்லாம் முடிஞ்ச பிறகு எத்தனை செ.மீ இன்னும் பாக்கின்னு பாத்து அத மட்டும் கால்ல ஏத்திக்கலாம்.

ரெக்லைனர், சோஃபா கம் பெட் மாதிரி உள்ள இரும்பு மெக்கானிசம் இருக்குற டைப்னா கீழ சொல்றத பண்ணாதீங்க. அதுல இழுத்து வச்ச ஸ்பிரிங் திடீர்னு விடுபட்டா விரல் போயிடும், தெரிஞ்சவங்கள கூப்பிடுங்க.

பிரிக்கிறது

ரெண்டு பேர் சேர்ந்து சோஃபாவ முதுகு கீழ வர்ற மாதிரி சாய்ங்க, கீழ பழைய போர்வை விரிச்சுடுங்க. அடியில கறுப்பு துணி ஒன்னு ஸ்டேப்ளர் பின் அடிச்சு மூடியிருக்கும். தட்டையான ஸ்க்ரூ டிரைவர பின்னுக்கு அடியில விட்டு நெம்பி, கட்டிங் பிளேயரால இழுங்க. துணிய கிழிக்காம எடுத்தா அதையே திரும்ப அடிச்சுக்கலாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பின் தெறிச்சு முகத்துக்கு தான் வரும். எடுத்த பின்ன எல்லாம் ஒரு டப்பாவுல போடுங்க, வீட்டுல வெறுங்காலோட நடக்குற வயசானவங்க இருக்காங்கன்னு தான இந்த வேலையே பண்றோம். தையல் ஓரத்துல மூட்டைப்பூச்சி இருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்துக்கோங்க, இருந்தா முதல்ல அத ஒழிச்சுட்டு மத்தது.

உள்ள என்ன இருக்குன்னு ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, திரும்ப மாட்டும்போது எது எங்க இருந்துச்சுன்னு சத்தியமா மறந்துடும்.

ஃபிரேம்

முன்பக்க குறுக்குச் சட்டம் தான் அதிகமா உடையும், ஏன்னா எந்திரிக்கும்போது எல்லாரும் விளிம்புக்கு நகர்ந்து மொத்த பாரத்தையும் அங்க தான் போடுவாங்க. விரிசல் மட்டும்னா விரிசலுக்குள்ள மரப்பசைய நல்லா இறக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு ராத்திரி அப்படியே விட்டுடுங்க. முறிஞ்சே போயிருந்தா பசை மட்டும் தாங்காது, உள்பக்கம் அதே நீளத்துக்கு ஒரு நல்ல மரச்சட்டம் இல்ல 18 மி.மீ பிளைவுட் பட்டைய பசை தடவி, 10 செ.மீக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் முடுக்குங்க. ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடி சின்ன துளை போட்டுடணும், இல்லனா இருக்குற மரமும் பிளக்கும். ஆணி அடிக்காதீங்க, ஆட ஆட ஆணி லூஸ் ஆகிடும்.

மூலைகள்ல முக்கோண கட்டை இருக்கும், அது ஆடுச்சுன்னா கழட்டி பழைய பசைய சுரண்டிட்டு புதுசா ஒட்டி ஸ்க்ரூ போடுங்க. நீளமான மூணு சீட்டு சோஃபாவுல நடுவுல முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு குறுக்குச் சட்டமும், அதுக்கு கீழ ஒரு காலும் இருக்கான்னு பாருங்க. சில சோஃபாவுல அது இருக்கவே இருக்காது, நடு வளையுறதுக்கு அது தான் காரணமா இருக்கும், ஒரு சட்டமும் காலும் சேர்த்துடுங்க.

ஸ்பிரிங்

இப்ப வர்ற நிறைய சோஃபாவுல ஜிக்ஜாக் ஸ்பிரிங் தான், பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் நடுவுல மேல்பக்கமா லேசா வில்லா நிக்கும். இது உடையுறத விட, நுனிய பிடிச்சிருக்குற கிளிப் கழண்டு போறது தான் அதிகம், அப்படின்னா நீங்க அதிர்ஷ்டசாலி. ஸ்பிரிங் நுனிய பிளேயரால பிடிச்சு, இல்லனா கெட்டியான கயிறு கட்டி இழுத்து கிளிப்புக்குள்ள மாட்டுங்க, கிளிப்போட பழைய துளை பெருசாகியிருந்தா ஒரு விரல் தள்ளி புது இடத்துல ஸ்க்ரூ போடுங்க. இழுக்கும்போது முகத்த ஸ்பிரிங்குக்கு நேரா வைக்காதீங்க, கை நழுவுனா அது அடிக்கிற அடி சாதாரணமா இருக்காது.

ஸ்பிரிங் முறிஞ்சிருந்தா புதுசு வாங்கணும். எவ்வளவு நீளம்னு குழப்பமே வேண்டாம், பக்கத்துல நல்லா இருக்குற ஸ்பிரிங்ல எத்தனை வளைவுன்னு எண்ணி அதே எண்ணிக்கைக்கு வெட்டுங்க, கம்பி தடிமனும் அதே இருக்கணும். வெட்டுன நுனிய கொஞ்சம் மடக்கி விட்டாதான் கிளிப்ல இருந்து உருவாது. முறியாம சும்மா தட்டையா தளர்ந்து போன ஸ்பிரிங்க அழுத்தி வளைச்சு நிமித்தி பாக்குறது வீண் வேலை, இரும்பு களைச்சுப்போச்சுன்னா திரும்பாது. கடைசியா எல்லா ஸ்பிரிங்கையும் குறுக்கா இணைக்குற கம்பியோ கயிறோ அறுந்திருந்தா மாத்திடுங்க, ஒருத்தர் உக்கார்ற பாரத்த பக்கத்து ஸ்பிரிங்குகளுக்கும் பங்கு போட்டு குடுக்குறது அது தான்.

பெல்ட்

ஸ்பிரிங்குக்கு பதிலா எலாஸ்டிக் பெல்ட் பாய் மாதிரி பின்னியிருந்தா, தொங்குறது ஒன்னு ரெண்டா இருந்தாலும் எல்லாத்தையும் மாத்துங்க. ஒரே வயசு பெல்ட் எல்லாம், மிச்சமும் வரிசையா போகும். ஒரு நுனிய பின் சட்டத்துல வச்சு அஞ்சு ஆறு பின் அடிச்சு, 3 செ.மீ மடிச்சு மறுபடி அடிங்க. இப்ப எதிர் சட்டத்துக்கு இழுக்கணும், கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு நீளுற அளவுக்கு இழுத்தா சரி. உள்ளளவு 60 செ.மீன்னா பெல்ட்டுல 54.5 செ.மீல ஒரு கோடு போட்டு, அந்த கோடு எதிர் சட்டத்த தொடுற வரைக்கும் இழுத்து பின் அடிச்சுடுங்க. ஒவ்வொன்னுக்கும் இப்படி கோடு போட்டா தான் எல்லாம் ஒரே இறுக்கத்துல வரும், கை கணக்குல இழுத்தா முதல் ரெண்டு இறுக்கமா இருக்கும், கை வலிக்க ஆரம்பிச்ச பிறகு போட்டது எல்லாம் லூசா இருக்கும். முன்-பின் முடிஞ்சதும் இடம்-வலம் மேல கீழ கோத்து பின்னுங்க. ஒரு பெல்ட்டுக்கும் அடுத்த பெல்ட்டுக்கும் இடைவெளி ரெண்டு விரலுக்கு மேல வேண்டாம்.

பிளைவுட் பலகை போட்டா போதாதான்னு எல்லாரும் கேப்பாங்க. 12 மி.மீ பலகைய குஷனுக்கு கீழ வச்சா அன்னைக்கே குழி போயிடும், அவசரத்துக்கு நல்ல வழி தான், நான் மறுக்கல. ஆனா பலகையோட நாலு ஓரமும் ஃபிரேம் மேல உக்காரணும், நடுவுல மிதந்தா ஸ்பிரிங்க இன்னும் கீழ அமுக்கும். மூலைய உருட்டி உப்புத்தாள் போட்டு தேச்சுடுங்க, காத்து போக நாலஞ்சு துளையும் போடுங்க. ஸ்பிரிங்கோட விட்டுக்குடுக்குற தன்மை போயிடுறதால மேல ஃபோம் நல்லா கனமா இல்லனா அரை மணி நேரத்துல உக்கார்ற எலும்பு வலிக்கும். மெலிஞ்ச உடம்புள்ள வயசானவங்களுக்கு இத நிரந்தரமா வைக்காதீங்க.

எங்க சோஃபாவுல ரெண்டு கிளிப் கழண்டு, ஒரு ஸ்பிரிங் முறிஞ்சிருந்துச்சு. அத மட்டும் சரி பண்ணி பழைய குஷனையே வச்சு அளந்தப்ப 33 இருந்தது 37 ஆச்சு. புது சாமான் செலவே இல்லாத மாதிரி தான், நாலு செ.மீ ஏறிடுச்சு.

ஃபோம்

இங்க தான் ஏமாறுவோம். டென்சிட்டின்னா ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோன்னு அர்த்தம், அது எவ்வளவு நாள் உழைக்கும்ங்கறத சொல்லும். கெட்டியா மெத்துனான்னு சொல்றது வேற விஷயம், அதிக டென்சிட்டியிலயும் மெத்து ஃபோம் உண்டு. அதனால 40 டென்சிட்டி குடுங்கன்னு மட்டும் கேட்டு வாங்காதீங்க, கெட்டி ரகமான்னும் கேட்டு, உள்ளங்கையால இல்லாம உக்காந்தே பாத்து வாங்குங்க. சீட்டுக்கு 32க்கு கீழ போகாதீங்க, தினமும் ஒரே இடத்துல பல மணி நேரம் உக்கார்றவங்கன்னா 40 நல்லது.

நான் 12 செ.மீ குஷனுக்கு அடியில 9 செ.மீ கெட்டி ஃபோம், மேல 4 செ.மீ கொஞ்சம் மெத்து ஃபோம் வச்சு ஒட்டினேன். கணக்கு ஒரு செ.மீ அதிகமா இருக்குன்னு பாக்குறீங்களா, அது வேணும்னே பண்றது. நீள அகலத்துலயும் கவர விட ஒரு செ.மீ பெருசா வெட்டினா தான் கவர் விரைச்சு நிக்கும், இல்லனா மூலையெல்லாம் தொளதொளன்னு போயிடும். பல்லு வச்ச நீள ரொட்டி கத்தியால அழுத்தாம ரம்பம் மாதிரி இழுத்து வெட்டுங்க. மேல ஒரு பஞ்சு ஷீட் சுத்திட்டு கவர மாட்டுங்க, ஃபோம் நழுவலன்னா ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்ட சுத்தி உள்ள தள்ளிட்டு அப்புறம் ஷீட்ட உருவிடலாம். ஸ்ப்ரே பசை அடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்துல அடுப்போ விளக்கோ வேண்டாம், சட்டுனு தீப்பிடிக்கும்.

தலையணை, பழைய துணி எல்லாம் உள்ள திணிக்காதீங்க. ஒரு வாரத்துல ஒரு பக்கமா ஒதுங்கி சீட்டு சாய்ஞ்சுடும், சாய்ஞ்ச சீட்டுல இருந்து எந்திரிக்கிறது குழியில இருந்து எந்திரிக்கிறத விட ஆபத்து.

இங்க ஒரு விஷயம் நான் லேட்டா தான் புரிஞ்சுக்கிட்டேன். ஃபோம் போட்டு சீட்ட மட்டும் ஏத்தினா கைப்பிடி இருந்த இடத்துலயே இருக்கும், அதாவது உக்காந்தவங்களுக்கு கைப்பிடி கீழ போன மாதிரி. எந்திரிக்கும்போது ஊனுறதுக்கு கைப்பிடி ரொம்ப முக்கியம், அது தாழ்ந்தா பாதி பலன் போச்சு. கால்ல ஏத்தினா கைப்பிடியும் சேர்ந்து ஏறும். அதனால ஃபோம்ல குழிய மட்டும் நிரப்புங்க, அதுக்கு மேல வேண்டிய உயரத்த கால்ல எடுங்க. ஃபோம் முடிஞ்சப்ப எங்களுக்கு 41 வந்துச்சு, இன்னும் 4 செ.மீ பாக்கி.

ஆனா வீட்டுல குள்ளமானவங்களும் அதே சோஃபாவுல உக்காருவாங்கன்னா முழு சோஃபாவ ஏத்துறது அவங்களுக்கு கஷ்டம். அப்ப கைப்பிடி ஓரமா ஒரு சீட்ட மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த குஷன மட்டும் கெட்டியாக்கி, அது இன்னாரோட இடம்னு விட்டுடுங்க.

கால்

கால் திருகி கழட்டுற மாதிரி இருந்தா வேலை சுலபம், நீளமான கால் வாங்கி திருகிடலாம். பழைய கால கையோட எடுத்துட்டு போங்க, போல்ட் 8 மி.மீயா 10 மி.மீயான்னு கண்ணால சொல்ல முடியாது. கழட்ட முடியாத காலுன்னா கிண்ணம் மாதிரி குழி உள்ள ஏத்துக்கட்டை வாங்குங்க, இல்ல அகலமான மரக்கட்டையில காலுக்கு ஏத்த மாதிரி 2 செ.மீ குழி தோண்டி அடியில ரப்பர் ஒட்டிக்கோங்க. செங்கல், புத்தகம், ஓடு எதையும் சும்மா அடுக்கி வைக்காதீங்க, ஒருத்தர் கைப்பிடிய ஊனி எந்திரிக்கும்போது சோஃபா பக்கவாட்டுல தள்ளப்படும், அப்ப கட்டை நழுவும். நடுவுல கால் இருந்தா அதையும் அதே அளவு ஏத்த மறந்துடாதீங்க, மறந்தா இப்ப தான் சரி பண்ண சட்டம் திரும்ப முறியும். சக்கரம் வச்ச சோஃபான்னா சக்கரத்த கழட்டிடுங்க.

பின் கால மட்டும் ஏத்தினா முன்னாடி தள்ளி விடும், சுலபமா எந்திரிக்கலாமேன்னு சிலர் பண்றாங்க, வேண்டாம். உக்காந்திருக்குறவங்க கொஞ்சம் கொஞ்சமா சறுக்கிட்டே இருப்பாங்க, தூங்கிட்டா விழுவாங்க.

முடிச்சதும் சோஃபாவ சுவத்தோட ஒட்டி வச்சு, பின்னாடி தள்ளுனா நகராத மாதிரி பாத்துக்கோங்க. முன்னாடி வழுக்குற மிதியடி இருந்தா எடுத்துடுங்க. சோஃபாவுக்கு அடியில குதிகால் உள்ள போற அளவு இடம் இருக்கணும், தொங்குற துணி பார்டர் கால தடுத்தா மேல மடிச்சு பின் அடிச்சுடுங்க.

அப்புறம் அவங்கள உக்கார வச்சு எந்திரிக்க சொல்லுங்க: முன் விளிம்புக்கு நகரணும், பாதம் ரெண்டையும் முட்டிக்கு கொஞ்சம் பின்னாடி இழுக்கணும், மூக்கு கால்விரலுக்கு மேல வர்ற அளவு குனியணும், கைப்பிடிய கீழ தள்ளி எந்திரிக்கணும். பழைய குழிக்கு பழகுன உடம்பு முதல் ரெண்டு நாள் தேவைக்கு மேல வேகமா தள்ளும், பக்கத்துலயே நில்லுங்க.

ஒரு வாரம் கழிச்சு சோஃபாவ சாய்ச்சு ஸ்க்ரூ எல்லாம் ஒரு சுத்து இறுக்குங்க, பெல்ட் பின் ஏதாவது எழும்பியிருக்கான்னு பாருங்க, அதுக்கப்புறம் கறுப்பு துணிய மூடுங்க. ஒரு மாசத்துல திரும்ப ஆள உக்கார வச்சு அளங்க, புது ஃபோம் ஒரு செ.மீ வரைக்கும் படியலாம், அதுக்கு மேல இறங்கியிருந்தா வாங்குன ஃபோம் சரியில்ல. எங்க சோஃபா 45ல நின்னுச்சு, ஒரு மாசம் கழிச்சு அளந்தப்ப 44.5. அம்மா இப்ப ஆடுறதில்ல, ஒரு கைய ஊனி ஒரே தடவையில எந்திரிக்கிறாங்க.